பாரதத் திடலைப் பூட்டாதீர்கள்

எங்கள் நகராட்சித் தலைவர் அவர்களுக்கும் ஆணையர் அவர்களுக்கும் வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும்:

தருமராஜர் கோயிலுக்கு முன்னால் உள்ள திடலைச் சித்திரையிலும் வைகாசியிலுமாக 45 நாட்களுக்குத் தனியார் பொருட்காட்சி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகவும், அதனால் மகாபாரதக் கதையைப் படித்தும் கூத்தாக ஆடியும் நாங்கள் நடத்தும் 18 நாள் பாரத விழாவை மூன்று நாட்களாகச் சுருக்கிக்கொண்டு புறவழிச்சாலையில் உள்ள கல்யாண மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்றும், அங்கேயும் இரவு 10 மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்றும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்த அந்த அறிவிப்பை எங்கள் வீதிக்காரர்களுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னவன் நான். வாசித்து முடித்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் சுயநலத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. திடலுக்கு எதிர் வரிசையில் மூன்று தலைமுறையாக நடக்கும் ரேடியோ செட்டுக் கடை என்னுடையது. ஒலிபெருக்கி, சீரியல் பல்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன். பாரதம் நின்றால் என் வருமானமும் குறையும் என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையில் பொருட்காட்சிக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய விளக்கையும் ஒலிபெருக்கியையும் என்னிடமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் நீட்டினார்கள். விழாவின் பன்னிரண்டு இரவுக் கூத்தில் வரும் வாடகையைவிட 45 நாள் வாடகை பெரிது என்று கணக்குப் போட எனக்கும் தெரியும். முன்பணத்தை நான் வாங்கவில்லை.

இந்தக் கடையைத் தொடங்கிய என் தாத்தா பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டவர். நீள வாக்கில் தைத்த அவருடைய வாடகை நோட்டுகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்து, நம் ஊர் ஆந்திரத்தின் பக்கமே நின்றுபோன அந்த ஆண்டின் நோட்டைச் சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். எந்த ஊர் யாருக்கு என்று திண்ணைதோறும் வாக்குவாதம் நடந்த கோடை அது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘பாரதம், லைட் 6, மேண்டில் 2 உடைந்தது’ என்று மட்டும் இருக்கிறது. அதற்குப் பிந்தைய நோட்டுகளிலும் வைகாசி வந்தால் அந்த வரி வருகிறது. விளக்கின் எண்ணிக்கையும் எழுதுகிற கையும்தான் மாறுகின்றன. வெறுமையாகக் கிடக்கும் ஆண்டுகள் இரண்டே: 2020, 2021. அவை கொரோனாவின் ஆண்டுகள். மூன்றாவது வெற்று ஆண்டை உங்கள் அறிவிப்பு உண்டாக்கப் போகிறது.

கோடையில் எங்கள் வீதிகள் எப்படி இருக்கும் என்பதை அறிவிப்பை எழுதியவர் அறிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே பாதி வீடுகள் தறி வீடுகள். கூரை தகரமாகவோ கல்நார்த் தகடாகவோ இருக்கும். உள்ளே விசைத்தறி ஓடும் சூடு வேறு. கத்திரி தொடங்கிவிட்டால் பகல் முழுவதும் வெயிலைக் குடித்த சுவரும் தளமும் இரவு பதினொரு மணி வரை அதைத் திருப்பி உமிழ்ந்துகொண்டே இருக்கும். குழந்தையை உள்ளே படுக்கவைத்தால் அரை மணி நேரத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, அது வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் பகல் 11 மணி முதல் 4 மணி வரை யாரும் வெளியே வர வேண்டாம் என்று நகராட்சியே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வீதி வீதியாக அறிவிக்கிறது. (அந்த ஒலிபெருக்கியும் என் கடையுடையதுதான்; போன ஆண்டு வாடகை இன்னும் பாக்கி.) பகலில் வெளியே வராதே என்றும், இரவு பத்துக்கு மேல் வெளியே இருக்காதே என்றும் ஒரே அலுவலகம் சொன்னால், இந்த ஊர் மக்கள் தங்கள் கோடையை எந்த நேரத்தில் வாழ்வது?

பாரத விழா இந்த வெயிலை அறிந்தவர்கள் வகுத்த விழா. உச்சிவெயில் நேரத்தில் கோயில் பந்தலில் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார்கள். தென்னங்கீற்றுப் பந்தல், கீழே ஆற்று மணல், மணலில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்திருக்கும். தறியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும் பெண்கள் தூணில் சாய்ந்து கேட்பார்கள். பாதிப் பேர் தூங்கியும் விடுவார்கள். பிரசங்கியார் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. இரவில் கூத்து. ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டால் ஜூன் 12 வாக்கில்தான் திறக்கும் என்பதால் பிள்ளைகள் பாயும் தலையணையுமாகத் திடலுக்கு வந்துவிடுவார்கள். மலைவாசஸ்தலத்துக்குப் போக வசதியில்லாத குடும்பங்களின் கோடைப் பயணம் வீட்டு வாசலிலிருந்து இந்தத் திடல் வரைக்கும் உள்ள இருநூறு முந்நூறு அடிதான்.

பகாசுரன் வதம் நடக்கும் நாளை நீங்கள் ஒருமுறை வந்து பார்த்திருந்தால் மண்டபம் என்ற சொல்லே அறிவிப்பில் வந்திருக்காது. அன்று மேடை என்று ஒன்று கிடையாது, ஊரே மேடை. காலை பத்து மணிக்கு மாட்டுவண்டியில் பீமன் ஏறிவிடுவார். முகத்தில் அரிதாரம், தோளில் புஜக்கட்டை, கையில் கதை, இடுப்பில் ஒரு பழைய சரிகை வேட்டி. வண்டி வீதி வீதியாகப் போகும். ஒவ்வொரு வாசலிலும் பகாசுரனுக்கான சோறு காத்திருக்கும்: தெலுங்கு வீட்டுக்காரர்கள் புளிஹோராவும் ராகிச் சங்கடி உருண்டையும் கொண்டுவருவார்கள், எங்கள் பக்கத்தில் எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், வடை, உருது பேசும் குடும்பங்கள் உள்ள வீதியில் வண்டி நுழைந்ததும் ஒரு பெரிய எவர்சில்வர் தவலையில் ஐஸ் போட்ட சர்பத் வரும். பீமன் வாங்கியதையெல்லாம் அசுரனுக்குக் கொண்டுபோவதாகப் பாவனை செய்துகொண்டே வழியில் தானும் தின்பார். பின்னால் ஓடிவரும் பிள்ளைகளின் கையிலும் ஒரு வாய் வைப்பார். ‘எனக்கு, எனக்கு’ என்று கத்துகிற குரல்களில் எது தெலுங்கு, எது தமிழ் என்று பிரிக்க முடியாது. போன ஆண்டு எங்கள் வீதி முனையில் வண்டிமாடு படுத்துக்கொண்டது, எழுப்ப முடியவில்லை. பீமனே இறங்கி நுகத்தடியைப் பிடிக்க, இளைஞர்கள் பின்னால் தள்ள, வண்டி திடலுக்கு வந்து சேர்ந்தது. கல்யாண மண்டபத்துக்குள் அந்த வண்டி எந்த வாசல் வழியாக நுழையும்?

படுகளத்தையும் சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நாள் காலையில் பீமன் தொடையை அடித்துப் பிளக்க வேண்டிய துரியோதனன், நாற்பது அடிக்கும் மேலான நீளத்தில் மண்ணால் திடலிலேயே படுத்திருப்பான். அந்த மண்ணுருவத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே வண்டி வண்டியாகக் களிமண் வர வேண்டும். குழைத்துப் பூச வேண்டும். காய்ந்து வெடிக்காமல் நீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். தொடை பிளந்ததும் திரௌபதியின் கூந்தல் முடியப்படும். அன்று மாலை அக்கினிக்குண்டம் இறங்குவார்கள். இதில் எதை மண்டபத்தின் பளிங்குத் தரையில் செய்வது என்று அறிவிப்பு சொல்லவில்லை.

இனி, அறிவிப்பில் நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்களுக்கு வருகிறேன். ஒலி, போக்குவரத்து, வருவாய் என மூன்று.

ஒலியைப் பற்றி நான் பேசினால் திருடனே சாவியைப் பற்றிப் பேசுவது போலிருக்கும், இருந்தாலும் பேசுகிறேன். ஒலிபெருக்கியால் தொல்லை உண்டு என்பது உண்மை. என் அப்பா காலத்தில் தென்னைமர உயரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி நான்கு ஊருக்குக் கேட்க வைப்பதுதான் பெருமை. இதய நோய் வந்து என் தாயார் படுத்திருந்த கோடையில், எங்கள் கடையின் குழாய் ஸ்பீக்கரே எங்கள் வீட்டுச் சன்னலைப் பார்த்துப் பாடியபோதுதான் எனக்கு அது உறைத்தது. மறு ஆண்டே குழாய்களை இறக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். ஆகவே 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை நான் எதிர்க்கவில்லை. தொழிலுக்காக அவற்றைப் படித்தும் வைத்திருக்கிறேன். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 2010-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு வாத்தியங்களும் கூடாது. ஆனால் அதே விதிகளில், பண்பாட்டு விழாக்களுக்கும் சமய விழாக்களுக்கும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல், இரவு 10 முதல் 12 வரை மாநில அரசு அனுமதி வழங்கலாம் என்றும் இருக்கிறது. எந்தெந்த நாட்கள் என்பதை முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். விதியின் முதல் பாதியை அறிவிப்பில் எடுத்து எழுதிய நகராட்சி, இரண்டாம் பாதியை ஏன் விட்டுவிட்டது?

போன ஆண்டு நடந்ததை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். துகிலுரிதல் கூத்து. துச்சாதன வேடக்காரர் கற்பூரம் ஏற்றி, ‘தாயே, வயிற்றுப் பிழைப்புக்கு வேடம் கட்டினேன், பொறுத்துக்கொள்’ என்று அம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் துகிலில் கை வைப்பார். அவர் கும்பிட்டு எழுந்த நேரத்தில் மணி பத்து. பணியில் இருந்த காவலர் என்னிடம் வந்து மெயினை இறக்கச் சொன்னார். அவர் தம் கடமையைச் செய்தார்; அவரை நான் குறை சொல்லவில்லை. மைக்கை மட்டும் நிறுத்துகிறேன் என்றேன். எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி உத்தரவு என்றார். இறக்கினேன். மிருதங்கக்காரர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார், ஆர்மோனியத்தை மூடிவிட்டார்கள். தரையில் எரிந்துகொண்டிருந்த அந்தக் கற்பூரம்தான் வெளிச்சம். கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். திரௌபதி வேடம் கட்டியிருந்தவர், பகலில் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிற ஐம்பது வயது மனிதர், முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு வெறுங்குரலில் பாட்டை எடுத்தார். கடைசி வரிசையில் படுத்திருந்த கிழவிகூட எழுந்து உட்கார்ந்தாள். கடையின் திண்ணையில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கற்பூரம் அணைந்த பிறகும் அவர் பாடினார். முப்பது ஆண்டுகளாக ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற நான் அன்று கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

கூத்து விடிய விடிய நடப்பதுதான் மரபு. விடிவெள்ளி முளைக்கும்போது தபசு மரத்தின் உச்சியிலிருந்து அர்ச்சுனன் எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் எறிய, பிள்ளை வரம் வேண்டிக் காத்திருக்கும் பெண்கள் மடியேந்திப் பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த விடியலை இனிமேல் சட்டம் அனுமதிக்காது என்பதை நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோம். கூத்து வாத்தியார்கள் ஆட்டத்தையே சுருக்கிப் புதிதாக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். ஆறு மணி நேரக் கதையை நான்கு மணி நேரத்துக்குள் அடக்குவது எவ்வளவு சங்கடம் என்பது ஆடுகிறவருக்குத்தான் தெரியும். எங்கள் பங்கு விட்டுக்கொடுத்தல் முடிந்துவிட்டது. உங்கள் தரப்பில் இதுவரை ஒன்றும் வரவில்லை.

இதோடு, பொருட்காட்சியும் ஊமையாக நடக்கப் போவதில்லை. ராட்டினத்துக்கும் மரணக் கிணறுக்கும் கடை அறிவிப்புகளுக்குமாக மாலை ஐந்திலிருந்து பத்து வரை, 45 நாட்கள், எட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் வேண்டும் என்று என்னிடம்தான் விலை கேட்டார்கள். பாரதத்துக்கு நான் கட்டுவது நான்கு சிறிய பெட்டிகள். நோயாளிகளின் உறக்கம்தான் கவலை என்றால் எந்த ஒலி எத்தனை நாள் என்று கூட்டிப் பாருங்கள்.

போக்குவரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. திடலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நடந்து வருகிறவர்கள். பொருட்காட்சிக்குத்தான் கார் வரும். திருப்பதியில் மே மாதத்தில் ஒரு வாரம் கங்கம்மா ஜாதரா நடக்கிறது. பைராகி வேஷம், பண்டா வேஷம், தோட்டி வேஷம், தொர வேஷம், மாதங்கி வேஷம் என்று நாளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு ஆண்களும் பிள்ளைகளும் வீதிகளில் அலைகிறார்கள். தினமும் பல்லாயிரம் யாத்திரிகர்கள் வந்து போகும் அந்த நகரமே அதற்கு வழிவிடும்போது, நம் ஊரின் ஒற்றைத் திடல் போக்குவரத்துக்குத் தடை என்பதை நான் எப்படி நம்புவது?

வருவாய் என்பது நேர்மையான காரணம், அதை மதிக்கிறேன். ஆனால் வாடகை எவ்வளவு என்பது அறிவிப்பில் இல்லை. பொருட்காட்சிக்குத் தலைக்கு 50 ரூபாய் நுழைவுக் கட்டணம் என்று மட்டும் தட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள குடும்பம் உள்ளே கால் வைக்க 250 ரூபாய். பாரதத்துக்கு வர யாரும் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கென 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற வசதிகளும் பண்பாட்டை வளர்ப்பதும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன. பொருட்காட்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ராட்டினம் பிடிக்கும். டெல்லி அப்பளம் எனக்கே பிடிக்கும். அதற்கு விழா முடிந்த பின்னும் ஜூன் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடக்கும் நகராட்சி நிலமும் இருக்கிறது.

திடலைச் சுற்றிக் கடை போடுகிறவர்களைப் பற்றி அறிவிப்பில் ஒரே வரி: ‘அப்புறப்படுத்தப்படுவார்கள்’. அவர்கள் நுங்கு விற்கிறவர், பொரி விற்கிறவர், வளையல் அடுக்கிவைத்திருக்கும் அம்மாள், பனையோலை விசிறி கொண்டுவரும் இரண்டு முதியவர்கள். நுங்குக்கார அம்மாள் என் கடைத் திண்ணையில்தான் அரிவாளை வைத்துவிட்டுப் போவார். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, ஒரு வியாபாரியை இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தெருவோரக் கடைகளுக்கென அந்தச் சட்டம் சொல்லும் நகர வியாபாரக் குழுவில் வியாபாரிகளின் பங்கு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இவர்களில் யாருக்கும் எந்தக் காகிதமும் வரவில்லை. யாரும் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படவில்லை.

போன ஆண்டுக் கூத்தில் சிரிப்பு மூட்டும் கட்டியங்காரன் வேடம் போட்டவர், ‘அஸ்தினாபுரத்திலே சாக்கடை அள்ளி எத்தனை மாதம் ஆச்சு தெரியுமா?’ என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்ததால்தான் இந்த அறிவிப்பு வந்தது என்று வீதியில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. சாக்கடை இன்னும் அள்ளப்படவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

நாங்கள் கேட்பது இவை. பாரத விழா நடக்கும் 18 நாட்களும் திடல் பூட்டப்படாமல், கட்டணம் இல்லாமல் திறந்திருக்க வேண்டும். பொருட்காட்சியை அதற்குப் பிறகோ வேறு இடத்திலோ நடத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கூத்து இரவுகளில் ஏழு இரவுகளை 10 மணிக்கே முடித்துக்கொள்கிறோம். விநாயகர் சதுர்த்தி, தசரா, கிறிஸ்துமஸ் ஆகியவற்றுக்கும் அந்த 15 நாட்களிலிருந்துதான் பங்கு கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தே, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகிய ஐந்து இரவுகளுக்கு மட்டும் 12 மணி வரை அனுமதி கேட்கிறோம். அதற்கான தீர்மானத்தை வரும் கூட்டத்திலேயே நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். பத்து மணிக்கு ஒலியை நிறுத்தச் சொன்னால் ஒலி மட்டுமே நிற்கட்டும்; விளக்கை அணைக்க வேண்டாம், காற்றுக்காகத் திடலில் படுத்திருக்கும் குடும்பங்களை எழுப்பி அனுப்ப வேண்டாம். குடிநீர்த் தொட்டி ஒன்றும், பெண்களுக்கான தற்காலிகக் கழிப்பறைகள் நான்கும் அந்த 18 நாட்களுக்கு வேண்டும். இதை ஆறு ஆண்டுகளாக மனுவாகக் கொடுத்துவருகிறோம். வியாபாரிகளை அப்புறப்படுத்தும் வரியைத் திரும்பப் பெறுங்கள். திடலுக்குப் பேசப்பட்ட வாடகை எவ்வளவு, ஒப்பந்தம் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்; அடுத்த அறிவிப்பு எதுவானாலும் தமிழிலும் ஒரு பிரதி இருக்கட்டும், நான் ஒவ்வொரு வீட்டுக்கும் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக ஒன்று. தீர்மானம் எடுப்பதற்கு முன், ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு ஒலியளவுக் கருவியோடு திடலுக்கு வாருங்கள். வசிப்பிடப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் அதைவிடப் பத்து கூடுதலாக, அதாவது 65 வரை போகலாம் என்பது விதி. நான்கு பெட்டிகளையும் உள்நோக்கித் திருப்பிக் கட்டிவைத்திருப்பேன். கூத்து வாத்தியார் ஒரு பாட்டுப் பாடுவார். நீங்கள் திடலின் நான்கு மூலையிலும் நின்று அளந்து பாருங்கள். விதியில் உள்ள அளவைத் தாண்டினால், பெட்டிகளை உங்கள் கண் முன்னாலேயே கழற்றி வண்டியில் ஏற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாரதத் திடல் எதிர் வரிசை ரேடியோ செட்டுக் கடைக்காரன்